‘அம்மா எப்படி இருக்காங்க?’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்

கேள்வி: எனக்கு வயது 34. ஈரோட்டில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் என் அண்ணன் மாரடைப்பில் இறந்துவிட்டார். அவருக்கு வயது 38. காரியம் முடிந்ததிலிருந்து பார்ப்பவர்கள் எல்லோரும் ‘அம்மா எப்படி இருக்காங்க, அண்ணி எப்படி இருக்காங்க’ என்றுதான் கேட்கிறார்கள். ‘நீதான் அவங்களைத் தேத்தணும்’ என்கிறார்கள். இரவில் தூக்கம் இல்லை. மருந்துக்கடையில் அல்பிரசோலம் 0.25 மி.கி. வாங்கி ஆறு வாரமாகத் தினமும் போடுகிறேன். இடது மார்பில் சுருக்கென்று குத்துகிறது, படபடப்பும் வருகிறது. கல்லூரித் தோழிகள் மூன்று பேர் விடாமல் போன் செய்கிறார்கள். நான் எடுப்பதில்லை. எடுத்தால் அழுதுவிடுவேன், அவர்களுக்கு எதற்குத் தொல்லை? நான்கு மாதமாகியும் இப்படி இருப்பது மனநோயா?

மருத்துவர் பதில்: முதலில் உங்கள் மார்பு வலியைப் பார்ப்போம். ‘துக்கத்தில் இருக்கிறவளுக்கு நெஞ்சு வலிக்கத்தான் செய்யும்’ என்று யார் சொன்னாலும் இப்போதைக்கு ஏற்காதீர்கள். அப்பாவுக்கோ சகோதரருக்கோ 55 வயதுக்கு முன்னால், அம்மாவுக்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்னால் மாரடைப்பு வந்திருந்தால், பிள்ளைகளுக்கும் கூடப் பிறந்தவர்களுக்கும் இதய நோய் அபாயம் கூடுதல். எனவே இந்த வாரமே ஒரு பொதுமருத்துவரிடம் போய் ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., வெறும் வயிற்றில் கொழுப்புப் பரிசோதனை, மூன்று மாதச் சர்க்கரை அளவு (எச்.பி.ஏ.1சி), தைராய்டு, ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் படபடப்பைத் தரும். இவற்றைத் துக்கத்தின் கணக்கில் எழுதிவிட்டுச் சிகிச்சை எடுக்காமல் விடுகிறவர்கள் நிறைய. பரம்பரையாக வரும் ஒரு வகைக் கொழுப்பைக் காட்டும் லிப்போபுரோட்டீன் ‘ஏ’ என்ற பரிசோதனையை ஆயுளில் ஒருமுறை செய்தால் போதும். உங்கள் குடும்பத்துக்கு அது பொருத்தமானது. அண்ணனின் மருத்துவமனைக் காகிதங்களையும் கொண்டு போங்கள். அதில் இதயத் தசை வீக்கம், துடிப்புக் கோளாறு என்று ஏதாவது எழுதியிருந்தால் உங்களுக்கு எக்கோவும் (இதய ஸ்கேன்) தேவைப்படும்.

விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய, சில நொடிகளே இருக்கும், அழுத்தினால் கூடும் குத்தல் பெரும்பாலும் தசைவலியோ பதற்றமோதான். ஆனால் மாடிப்படி ஏறும்போது இறுக்கிப்பிடித்தாலோ, வலி தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ பரவினாலோ, வியர்வையும் குமட்டலும் சேர்ந்தாலோ யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அடுத்தது அல்பிரசோலம். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து அது. தொடர்ந்து இரண்டு முதல் நான்கு வாரம் போட்டாலே உடம்பு பழகத் தொடங்கிவிடும். அது தூக்கத்தைத் தருமே தவிர துக்கத்தைக் குறைக்காது. பகலில் மந்தமும் மறதியும் மிஞ்சும். இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். ஆறு வாரத்துக்குப் பிறகு சட்டென்று விட்டால் தூக்கமின்மையும் நடுக்கமும் முன்னைவிட மோசமாகத் திரும்பும். அரிதாக வலிப்புகூட வரும். அளவை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள்.

தூக்கத்துக்கு வேறு வழி உண்டு, மெதுவான வழி. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், உதாரணமாகக் காலை 5.30 மணிக்கு. மதியம் 2 மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். படுத்து சுமார் 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்காருங்கள். கண் சொருகும்போது மட்டும் கட்டிலுக்குத் திரும்புங்கள். அண்ணனின் படங்களைப் பகலில் பாருங்கள், படுக்கையில் வேண்டாம். காலை வெயிலில் அரை மணி நேர நடை. பசி இல்லாவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு இட்லியோ ஒரு டம்ளர் கஞ்சியோ ஒரு முட்டையோ உள்ளே போகட்டும். வெறும் வயிற்றில் குடிக்கும் காபியே பாதிப் படபடப்புக்குக் காரணமாக இருக்கலாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான்காவது மாதத்தில் அழுகை வருவது நோய் இல்லை. வாசலில் அவர் வண்டிச் சத்தம் கேட்டது போலிருப்பது, கூட்டத்தில் அவர் சாயலில் ஒருவரைப் பார்த்துத் தூக்கிவாரிப்போடுவது, ‘அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கலாமே’ என்று குற்ற உணர்வு குடைவது, இவையும் நோய் அல்ல. துக்கம் ஐந்து படிகளாக வரிசையில் இறங்கும் என்று பலரும் சொல்வார்கள். 1969-ல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அதை முன்வைத்தது தம் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பார்த்து. பறிகொடுத்தவர்களுக்கு அப்படி வரிசை ஏதும் கிடையாது. காலையில் வகுப்பில் பிள்ளைகளோடு சிரித்துவிட்டு மாலையில் பஸ்ஸில் உடைந்து அழுவீர்கள். துக்கத்துக்குள் போவதும் வெளியே வந்து பிழைப்பைப் பார்ப்பதுமாக மாறி மாறி நடப்பதுதான் ஆறும் விதம். சிரித்ததற்காக அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

பின்னே எப்போது அது நோய்? தினமும் விடாத ஏக்கம், இறந்ததையே ஏற்க முடியாமை, வேலையும் வீடும் அப்படியே நின்றுபோவது, இவை 6 மாதம் தாண்டியும் குறையாமல் இருந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் அதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் பொறுக்கச் சொல்கிறது. அதற்கென்றே வகுத்த, சுமார் 16 அமர்வுகள் கொண்ட பேச்சுச் சிகிச்சை உண்டு. மனச்சோர்வு மாத்திரை மட்டும் அந்த ஏக்கத்தைத் தீர்ப்பதில்லை. கூடவே மனச்சோர்வும் இருந்தால் அதற்கு உதவும்.

கூடப் பிறந்தவர்களின் துக்கத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் இழவு வீட்டில் பெற்றவளுக்கு ஓர் இடம் இருக்கிறது, கட்டியவளுக்கு ஓர் இடம் இருக்கிறது. தங்கைக்கு? வந்தவர்களுக்குக் காபி கொடுக்கும் இடம். ஊர் அங்கீகரிக்காத இத்தகைய துக்கத்துக்கு 1989-ல் கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் தனிப்பெயரே வைத்தார். உங்கள் சின்ன வயதுக்கு இருந்த சாட்சி போய்விட்டது. அம்மாவின் முதுமையைப் பங்குபோட இருந்த ஆளும் போய்விட்டது. இதை அம்மாவிடமும் அண்ணியிடமும் சொல்லி அழ உங்களால் முடியாது. அதனால்தான் உங்களுக்குத் தோழிகள் தேவை. அவர்கள் அந்த வீட்டுத் துக்கத்துக்குள் இல்லாதவர்கள்; உங்களுடையதை மட்டும் கேட்க வந்தவர்கள்.

போனை எடுக்க முடியவில்லை என்றால் எழுதுங்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே வாட்ஸ்அப் செய்தி போதும்: ‘போன் எடுக்கத் தெம்பில்லை. கோபமில்லை. விட்டுடாதீங்க.’ இதை அனுப்பாவிட்டால் நடப்பது என்ன தெரியுமா? நான்கைந்து முறை அழைத்துப் பார்த்தவர்கள் ‘அவளைத் தனியா விடுறதுதான் மரியாதை’ என்று தாமாகவே முடிவு செய்துவிடுவார்கள். பல நட்புகள் துக்கத்தில் அறுபடுவது இப்படித்தான், அன்பு குறைந்து அல்ல.

பிறகு ஆளுக்கொரு வேலை கொடுங்கள். ‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்று கேட்பவருக்குச் சொல்ல எதுவும் தோன்றாது; துக்கத்தில் இருப்பவருக்கு யோசித்துக் கேட்கும் சக்தியே முதலில் போய்விடும். ஒருத்தி உங்களைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகட்டும், மருத்துவர் சொல்வதை அவளே எழுதிக்கொள்ளட்டும்; உங்களுக்கு இப்போது பாதி மறந்துவிடும். இன்னொருத்தி வாரத்தில் ஒரு நாள், சொன்ன நேரத்துக்கு, நடைக்கு வரட்டும். பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிட எளிது. மூன்றாமவள் அழும்போது கேட்பவள். அவளோடு ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் ஒரு புள்ளி மட்டும் அனுப்பினால் அவள் கூப்பிட வேண்டும். முழுப் பாரத்தையும் ஒருத்தி மேலேயே இறக்கினால் இரண்டு மாதத்தில் அவள் களைத்துப்போவாள், அதைப் பார்த்து ‘நான் தொல்லைதான்’ என்று நீங்கள் உறுதிசெய்துகொள்வீர்கள்.

இதை அந்தத் தோழிகளும் படிக்கட்டும். ‘நல்லவங்களை சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்’, ‘அம்மாவுக்காக நீ தைரியமா இருக்கணும்’ இரண்டும் வேண்டாம். உங்கள் வீட்டுச் சாவை எடுத்து ஒப்பிடவும் வேண்டாம். அண்ணன் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைச் சொன்னால் ஞாபகம் வந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள், உங்கள் தோழி ஒரு நிமிடமும் மறந்திருக்கவில்லை. ‘வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு வர்றேன். பேசணும்னா பேசலாம், இல்லன்னா சும்மா உக்காந்திருக்கலாம்’ என்று செய்தி அனுப்பிவிட்டுப் போய் நில்லுங்கள். அண்ணன் பிறந்தநாள், முதல் பொங்கல், வருஷ திதி மூன்றையும் போன் காலண்டரில் குறித்து, முந்தின நாளே கூப்பிடுங்கள். நாலு வருஷம் கழித்து உங்கள் தோழிக்கு 38 வயதாகும் பிறந்தநாளையும் குறித்துவையுங்கள். இறந்தவரின் வயதை எட்டும் அந்த நாளில் பலருக்குப் பயம் மறுபடி தலைதூக்கும்.

மறுபடி உங்களுக்கு: அண்ணனின் நண்பர்களையும் விட்டுவிடாதீர்கள். உங்களுக்குத் தெரியாத அண்ணனை அவர்கள் அறிவார்கள். அவர் குரல் பதிவுகளும் படங்களும் அவர்களிடம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். உங்கள் போனில் உள்ள அவர் குரல் செய்திகளைத் தனிக் கோப்பாக இரண்டு இடத்தில் சேமியுங்கள். அவர் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யாவிட்டால் சில மாதங்களில் அது வேறொருவருக்குப் போகும். ஒருநாள் வாட்ஸ்அப்பில் அவர் பெயருக்கு மேலே முன்பின் தெரியாத ஒருவர் படம் வந்து நிற்கும். தெரிந்திருந்தால் அந்த அதிர்ச்சி கொஞ்சம் குறையும்.

‘நானும் அவன்கிட்டேயே போயிட்டா நல்லாயிருக்கும்’ என்ற நினைப்பு துக்கத்தில் பலருக்கு வந்துபோகும். எப்படி, எப்போது என்று மனம் திட்டம் போட ஆரம்பித்தால் அது அவசரம். அந்த மூன்றாமவளிடம் மழுப்பாமல் அப்படியே சொல்லுங்கள். அவள் மாத்திரைகளைத் தன் வசம் வாங்கிக்கொண்டு உங்களோடு இருக்க வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, இலவச எண். இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கும் கட்டணம் கிடையாது.

அம்மாவை நீங்கள் ஒருவரே தேற்ற வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள் சித்தியோ பெரியம்மாவோ அம்மாவுடன் தங்கட்டும் என்று உறவினர் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் ‘உன்னால முடியாதா’ என்று பதில் வரலாம். நீங்கள் பரிசோதனைக்குப் போகும் நாளில் அம்மாவுக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈ.சி.ஜி. பார்த்துவிடுங்கள். மகன் போன பிறகு அவர் தன் மாத்திரைகளை ஒழுங்காகப் போடுகிறாரா என்று டப்பாவைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.