அவசர சிகிச்சையில் மரபணுச் சோதனைக்கு நேரம் இருக்குமா?

இருக்கிறது. ஒரு மருந்து இந்த உடலுக்கு ஆபத்தா என்று டி.என்.ஏ.வில் ஓரிடத்தை மட்டும் பார்ப்பதுதான் இங்கே சோதனை.

பச்சிளங்குழந்தைக்குக் கடும் கிருமித்தொற்று என்று சந்தேகம் வந்தால், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போட வேண்டும். பல இடங்களில் அது ஜென்டாமைசின். நல்ல மருந்துதான். ஆனால் சுமார் 500 பேரில் ஒருவருக்கு உள்ள மரபணு மாற்றத்தால், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதி, மருந்து குறிவைக்கும் இடத்தில் கிருமியின் சாயலைப் பெற்றுவிடுகிறது. அடுத்த வீட்டுச் சாவி நம் வீட்டுப் பூட்டிலும் நுழைவது மாதிரி, மருந்து உட்காதின் செல்களைத் தாக்கிவிடலாம். போன செவித்திறன் திரும்பாது.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் முதலில் பயன்படுத்திய சோதனையில், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் ஒரு தடவு. 26 நிமிடத்தில் முடிவு. மாற்றம் இருந்தால் வேறு ஆன்டிபயாடிக்.

அப்புறம், மரபணுச் சோதனை என்றாலே வாரக்கணக்கில் ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இதில் தேடுவது டி.என்.ஏ.வின் நீண்ட எழுத்துத் தொடரில் ஒரே ஒரு எழுத்தை.