வலிப்பு வரும்போது சுயநினைவு இருக்குமா?

வலிப்பு வந்தால் எல்லோருக்குமே நினைவு தப்பிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பல வருடமாக இதற்கு மாத்திரை சாப்பிடுகிறவன் நான். எனக்கே இரண்டு விதமாகவும் வந்திருக்கிறது.

உடம்பு விறைத்துக் கீழே விழுந்து கைகால் வெட்டி இழுக்கும் வகையில் நினைவு சுத்தமாக இருக்காது. மூளையின் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிறது. நாக்கைக் கடித்திருப்பதே பிறகுதான் தெரியும்.

மூளையின் ஒரு பகுதியில் மட்டும் கிளம்பும் வலிப்பில்தான் விஷயமே இருக்கிறது. எனக்கு டெம்போரல் மடலில், அதாவது பொட்டுப் பக்கம், ஆரம்பிக்கும். வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று நெஞ்சுக்கு ஏறும். புது இடம்கூட ஏற்கெனவே பார்த்த மாதிரி இருக்கும். எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, எனக்கு எல்லாம் தெரியும். அதோடு நின்றால் சரி. பரவிவிட்டால், அப்புறம் நடப்பதை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்: கண் திறந்தே இருக்குமாம், சப்புக்கொட்டுவேனாம், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பேனாம்.

உணர்வது, பதில் சொல்வது, பின்னால் ஞாபகம் இருப்பது மூன்றும் தனித்தனி. சிலருக்கு நாம் கேட்பது புரியும், ஆனால் பேச்சு வராது. பார்க்கிறவர்கள் நினைவில்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். தலைகீழாகவும் நடக்கும். நரம்பியல் முன்னோடி ஹூலிங்ஸ் ஜாக்சன் 1888இல் தன் நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். பெயர் சொல்லாமல் ‘இஸட்’ என்றே குறிப்பிட்ட அவரும் ஒரு மருத்துவர். வலிப்பின் நடுவே ஒருவரைப் பரிசோதித்து, இடது நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா என்று எழுதியும் வைத்திருக்கிறார். தெளிந்தபின் எதுவும் ஞாபகமில்லை. மறுபடி பரிசோதித்தால் அதே முடிவு! அவருக்கு அப்போது நினைவு இருந்தது, பதிவாகவில்லை என்பதுதான் என் கட்சி. இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் ‘ஆப்சென்ஸ்’ வகை சில நொடிகளில் முடிந்துவிடும். பேச்சு பாதியில் நின்று, பார்வை வெறித்து, உடனே பழையபடி ஆகிவிடும். நடுவில் ஒன்று விட்டுப்போனதே பல குழந்தைகளுக்குத் தெரியாது. வகுப்பில் கனவு காண்கிறான் என்று திட்டு வாங்கியதுதான் மிச்சம். கை வெடுக்கென்று உதறும் மயோக்ளோனிக் வகையில் பொதுவாக நினைவு தப்பாது.

உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது கண் திறந்தபடி இப்படி வந்தால், கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். ‘பச்சைக் கிளி’ என்று ஏதாவது ஒரு சொல்லைச் சொல்லிவைத்து, தெளிந்தபின் அது என்னவென்று கேளுங்கள். முடிந்தால் வீடியோவும் எடுங்கள். எந்த வகை வலிப்பு, வண்டி ஓட்டலாமா என்றெல்லாம் முடிவுசெய்ய மருத்துவருக்கு இது ரொம்ப உதவும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நிற்காவிட்டால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.