மெல்ல ஓடுதல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உடலும் முதுமையும் குறித்த உங்கள் கட்டுரையில், நாற்பத்து நான்காம் வயதில் ஓடத் தொடங்கியதை இரண்டு வரிகளில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். அந்த இரண்டு வரிகளுக்காகவே இக்கடிதம்.

எனக்கு 47 வயது. கணினி முன் அமர்ந்து செய்யும் வேலை. சென்ற ஆண்டு மருத்துவப் பரிசோதனையில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் எல்லைக்கோட்டில் நின்றன. அதைவிட, எதிலும் பிடிப்பில்லாத ஒரு சோர்வு இரண்டு ஆண்டுகளாகவே இருந்துவருகிறது. ஐந்து மாதங்களுக்கு முன் ஓடத் தொடங்கினேன். வாரத்தில் ஆறு நாள் ஓடுகிறேன். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் நேரத்தைவிடச் சில நொடிகளாவது குறைக்க முயல்கிறேன். ஓர் அரை மாரத்தானுக்குப் பெயரும் கொடுத்திருக்கிறேன். ஆனால் எடை ஒன்றரைக் கிலோதான் குறைந்தது. காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேலே வலிக்கிறது. சோர்வு, ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்கு விலகியிருந்து பிறகு திரும்பிவிடுகிறது. “எதிலிருந்தோ தப்பித்துத்தான் ஓடுகிறீர்கள்” என்கிறார் என் மனைவி. இந்த வயதில் இதனால் உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது இளமையைத் துரத்தும் வீண் ஆசையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பயன் உண்டா என்ற கேள்விக்கு ஓரளவு திட்டமான பதில் இருக்கிறது. 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், ஆரோக்கியமான ஐந்து இருபது வயது இளைஞர்களை மூன்று வாரங்கள் படுக்கையிலேயே கிடத்தி, ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அவர்களுடைய உச்சத் திறன் எவ்வளவு சரிகிறது என்று அளந்தார்கள். அதன்பின் பயிற்சி கொடுத்தும் அளந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் அழைத்து மீண்டும் அளந்தபோது, முப்பது ஆண்டுக் காலம் உண்டாக்கிய சரிவைவிட அந்த மூன்று வாரப் படுக்கை உண்டாக்கிய சரிவே பெரிது என்று தெரியவந்தது. பிறகு, ஐம்பதைத் தொட்டிருந்த அவர்களுக்கு ஆறு மாதங்கள் படிப்படியாகத் தாங்குதிறன் பயிற்சி கொடுத்தார்கள். இருபது வயதில் பயிற்சிக்கு முன்பு இருந்த அளவுக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். ஆனால் இருபது வயதில் பயிற்சிக்குப் பிறகு எட்டிய உச்சத்தை ஒருவராலும் மறுபடி தொட முடியவில்லை. ஐந்தே பேரை வைத்துக் கோட்டை கட்டக்கூடாதுதான். ஆனாலும் உங்கள் கேள்விக்குரிய வேறுபாடு இதற்குள் இருக்கிறது. அமர்ந்தே இருந்ததால் இழந்தது பெருமளவு திரும்பும். வயது எடுத்துக்கொண்டது திரும்பாது. நாற்பதைக் கடந்தவரிடம் இரண்டு இழப்புகளும் ஒரே முகத்துடன் வந்து நிற்பதால், எல்லாமே முதுமை என்று நாம் எழுதி மூடிவிடுகிறோம்.

2018இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், உடலுழைப்பற்ற 45 முதல் 64 வயது வரையிலானவர்களுக்குத் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி அளித்தபோது, இறுகத் தொடங்கியிருந்த இதயத் தசை மீண்டும் நெகிழ்வு பெற்றது. இரண்டு ஆண்டுகள் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் ஐந்தாம் மாதத்தில் கணக்குக் கேட்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது குதிகால் வலி அல்ல, ‘ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட’ என்ற சொற்கள்தான். வேலையில் இருபது ஆண்டுகள் இலக்கும் கெடுவுமாக வாழ்ந்து பழகியவர்கள், உடலிடம் வரும்போதும் அதே மேலாளரின் குரலில்தான் பேசுகிறார்கள். நானும் அப்படித்தான் பேசினேன். உடலோ ஒரே கடிகாரத்தின்படி நடப்பதில்லை. பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. சில வாரங்களில் இதயமும் தசைகளும் தேறுகின்றன. தசையை எலும்போடு கட்டியிருக்கும் நாண்களுக்கும் எலும்புக்கும் பல மாதங்கள் வேண்டும். ஆகவே மூன்றாம் நான்காம் மாதங்களில் மூச்சு ‘இன்னும் போகலாம்’ என்று சொல்லும்போது நாண் தயாராக இருப்பதில்லை. புதிதாக ஓட வருபவர்கள் பெரும்பாலும் தங்கள் மூச்சை நம்பித்தான் அடிபடுகிறார்கள். எனக்கு ஏழாம் மாதத்தில் முன்னங்கால் எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் விழுந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று நான் மிகவும் உறுதியாக நம்பிய வாரம் அது. எட்டு வாரங்கள் ஓடவே கூடாது என்றார்கள். அந்த எட்டு வாரங்களில் வீட்டிலிருந்தவர்கள் என்னிடம் பட்ட பாட்டைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுதவேண்டும்.

நெடுந்தொலைவு விளையாட்டுகளின் ரகசியம் என்று ஒன்று உண்டென்றால் அது மெதுவாக ஓடத் துணிவதுதான். ஓடும்போது முழு வாக்கியங்களில் பேச முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். உலகத் தரத்தில் ஓடுபவர்களே தங்கள் பயிற்சித் தூரத்தின் பெரும்பகுதியைத் தங்களுக்கு எளிதான வேகத்தில்தான் ஓடுகிறார்கள். 72 வயதில், 2003ஆம் ஆண்டு, மூன்று மணி நேரத்துக்குள் மாரத்தானை முடித்த எட் விட்லாக் ஒரு கல்லறைத் தோட்டத்தின் சிறிய சுற்றுப்பாதையில் மணிக்கணக்கில் நிதானமாக ஓடிப் பயின்றவர். எழுபதைக் கடந்த ஒருவர் அந்த எல்லைக்குள் ஓடியது அதுவே முதல்முறை. அவரைப்போல ஆகவேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை; அத்தனை வேகம் உடைய ஒருவரே மெதுவாக ஓட வெட்கப்படவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஆறு நாளை நான்காகக் குறையுங்கள். அந்த நான்கில் மூன்று நாட்கள் கடிகாரத்தை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். மீந்த நாட்களில் ஒன்றிரண்டைத் தசைவலுப் பயிற்சிக்குக் கொடுங்கள். நடுவயதில் தசை தானாகவே கரையத் தொடங்குகிறது, ஓட்டம் மட்டும் அதைத் தடுப்பதில்லை. குதிகால் வலியை ஓர் இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். நாண் வலிக்கு முழு ஓய்வைவிட அளவறிந்த சுமையே பெரும்பாலும் மருந்தாகிறது. ஆனால் அந்த அளவைச் சொல்லவேண்டியவர் நானல்ல.

எடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு கிலோமீட்டர் ஓடினால் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. எழுபது கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடவேண்டும், அதுவும் கூடுதலாக எதையும் உண்ணாமல். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் எடைக்காகக் காத்திருக்காமல் பயிற்சியாலேயே சீராகக்கூடியவை. தராசைத் தள்ளிவைத்துவிட்டு அவற்றை அளந்துபாருங்கள்.

ஓடி முடித்தபின் வரும் அந்த ஒரு மணி நேர நிம்மதிக்கு, எண்டார்பின் என்னும் உடலில் சுரக்கும் வேதிப்பொருளே காரணம் என்பார்கள். ரத்தத்தில் சுரக்கும் எண்டார்பின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை என்பதால் அந்த விளக்கம் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. எதுவாயினும், அது வந்து போகும் விருந்தாளி. நிலைத்த நன்மை வேறு வழியில், ஆழ்ந்த தூக்கமாகவும் ஒழுங்குபட்ட நாளாகவும் மெல்ல வருகிறது. தினமும் முழு வேகத்தில் ஓடுபவருக்கு அந்தத் தூக்கமே கெடும். எரிச்சலும் சோர்வும் கூடும். உங்கள் சோர்வில் ஒரு பங்கு நீங்களே ஓடிச் சேர்த்ததாக இருக்கலாம். ஆனால் அது ஓட்டத்துக்கு முன்பே இரண்டு ஆண்டுகளாக இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை ஓட்டத்திடம் மட்டும் ஒப்படைக்காதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். இதயப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஜிம் ஃபிக்ஸ் 35 வயதில் புகைப்பழக்கத்தோடும் பருத்த உடலோடும் ஓடத் தொடங்கி, ஓட்டத்தைப் பற்றிய நூலால் உலகப் புகழ் பெற்றவர். 1984இல், 52 வயதில், ஓடும்போதே மாரடைப்பால் இறந்தார். அவருடைய தந்தையும் இளவயதிலேயே இதயநோய்க்குப் பலியானவர். ஓட்டம் அவருக்குச் சில ஆண்டுகளைக் கூட்டிக் கொடுத்திருக்கவும் கூடும், ஆனால் அடைபட்டிருந்த நாளங்களை அது திறந்துவிடவில்லை.

இனி உங்கள் மனைவி சொன்னது. அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். நான் ஓடத் தொடங்கிய ஆண்டில் எழுத முடியாமல் இருந்தேன். மேசையின் முன் அமர்வதற்கு அஞ்சியே வெளியே போனேன். தப்பித்து ஓடுகிறவர் வேகமாகத்தான் ஓடுவார், மூச்சு முட்டும்போது வேறெதையும் நினைக்க வேண்டியதில்லை அல்லவா? மெதுவாக ஓடும்போது அந்த வசதி கிடைப்பதில்லை. முதல் அரைமணி நேரத்துக்குப் பின், எதை விட்டு வந்தோமோ அது பக்கத்தில் வந்து கூடவே ஓடத் தொடங்கும். பேசும் வேகத்தில் ஓடுங்கள் என்று நான் சொல்வதற்கு நாண்கள் ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

அரை மாரத்தானை ஆறு மாதங்கள் தள்ளிப்போடுங்கள். காலையில் வரும் அந்த வலி நின்றபின் எழுதுங்கள்.