சக்கில் வட்டம், கழற்றினால் கோணல்: முதன்முதலாகப் புஷ் கடைபவருக்கு

கேள்வி: முத்தையன்கட்டில் சின்னத் திருத்தகம் வைத்திருக்கிறேன். அண்மையில் பழைய லேத் ஒன்று வாங்கினேன். லாண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) இன்ஜினின் பிஸ்டன் பின்னுக்கு, அதாவது பிஸ்டனையும் கனெக்டிங் ரொட்டையும் கோர்க்கும் கம்பிக்கு, ஒரு புஷ் (தேய்மானம் தாங்கும் உள்வளையம்) கடைந்தேன். வெளி 33, உள் 30 மில்லிமீற்றர். வெளியை முதலில் கடைந்து, திருப்பிப் பிடித்து உள்ளே குடைந்தேன். சக்கில், அதாவது லேத்தின் பிடியில், இருக்கும்வரை அளவு சரி. கனெக்டிங் ரொட்டில் அடித்து இறக்கியதும் பிஸ்டன் பின் நுழையவில்லை. றீமர் (துளையைச் சீவி அளவாக்கும் கருவி) விட்டால் சில இடங்களை மட்டும் சுரண்டுகிறது. இன்னொன்று: காணி துப்புரவாக்கும்போது கிடைத்த ரவைக் கோதுகள் கொஞ்சம் இருக்கின்றன. உருக்கிப் புஷ் வார்க்கலாமா?

பதில்: தம்பி, கோதுகளை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். நீங்கள் வெற்றுக் கோது என்று நினைப்பதற்குள் ஒன்று வெடிக்காததாக இருந்தால் போதும், உலை முன்னால் நிற்பவர் நீங்கள்தான். இன்னும் கிடந்தால் தொடாமல், இடத்தை அடையாளப்படுத்திவிட்டு 119க்குச் சொல்லுங்கள். திருத்தகத்தில் சேர்த்து வைத்திருப்பதையும் சொல்லுங்கள். நீங்களே தூக்கிக்கொண்டு போகவேண்டாம். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுபவர்கள் எத்தனை வருடம் முழங்காலில் நின்று மண்ணைக் கிளறினார்கள் என்பது வன்னியில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆபத்தை விட்டுப் பார்த்தாலும் அந்தப் பித்தளை புஷ்ஷுக்கு ஆகாது. அது 70 பங்கு செம்பு, 30 பங்கு நாகம் (துத்தநாகம்). இழுத்து நீட்டுவதற்கு உகந்தது, தேய்மானம் தாங்காது. உங்களுக்கு வேண்டியது கன்மெட்டல் என்ற வெண்கலம்: 88 செம்பு, 10 வெள்ளீயம், 2 நாகம்.

இனிக் கடைசல். உங்கள் புஷ்ஷின் சுவர் ஒன்றரை மில்லிமீற்றர்தான். அதை மூன்று தாடைச் சக்கில் இறுக்கினால் மூன்று இடத்தில் உள்ளே அமுங்கும். அமுங்கிய நிலையில் உள்ளே வட்டமாகக் குடைகிறீர்கள். கழற்றியதும் வெளி பழைய வட்டத்துக்குத் திரும்ப, உள்வட்டம் மூன்று மூலையாகிவிடும். இந்த மூன்று மூலையை வேர்னியர் காட்டாது. எந்தப் பக்கம் வைத்தாலும் விட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். சக்கும் பழையதென்றால் இன்னொரு பிழை சேரும். சக்கைச் சுற்றும்போது டயல் கேஜின் (முள் அளவுகாட்டி) முள் மொத்தம் 0.1 மில்லிமீற்றர் ஆடினால், சுவரின் தடித்த பக்கத்துக்கும் மெல்லிய பக்கத்துக்கும் அதே 0.1 வித்தியாசம் விழும்.

ஆகவே விட்டத்தை நம்பாதீர்கள், சுவரை அளவுங்கள். பழைய பெயாரிங் ஒன்றை உடைத்து ஒரு குண்டு எடுங்கள். அதைப் புஷ்ஷின் உட்புறம் வைத்து, வெளிப்புறத்தோடு சேர்த்து மைக்ரோமீற்றரில் பிடித்து, குண்டின் அளவைக் கழியுங்கள். சுற்றிவர ஆறு இடம் பார்த்தால் வண்டவாளம் தெரிந்துவிடும்.

வெளிநாடுகளில் இலக்குச் சுடும் போட்டிக்காரர் சிலர் துப்பாக்கி ரவைக் கோதின் கழுத்தைக் கடைவார்கள். அங்கே சுவர் 0.3 மில்லிமீற்றர் சொச்சம்தான். அவர்களும் வெளியே தாடை போட்டு நசுக்குவதில்லை. கழுத்துக்குள் அளவான உருக்குக் கம்பியை விட்டு, எண்ணெய் பூசி, அதன்மேல்தான் சீவுகிறார்கள். மெல்லிய சுவருக்கு உள்ளேதான் தாங்கு வேண்டும்.

உங்களுக்கு இலகுவான வழி, 40 மில்லிமீற்றர் கட்டித் தண்டொன்றைப் பிடித்து, ஒரே பிடியில் வெளியையும் உள்ளையும் முடித்து, கடைசியில் அறுத்தெடுப்பது. இடையில் சக்கைத் தளர்த்தவே கூடாது. துளையோடு வார்த்த துண்டுதான் கிடைக்கிறதென்றால், வெளி தடிப்பாக இருக்கும்போதே உள்ளைக் குடைந்துவிடுங்கள். பிறகு சக்கில் ஓர் இரும்புத் தண்டைப் பிடித்து அந்தத் துளைக்கு அளவாகக் கடையுங்கள். 100 மில்லிமீற்றருக்கு 0.05 சரிவு போதும். நுனியில் ஏறி நடுவில் இறுகும். தண்டைக் கழற்றாமலே புஷ்ஷை ஏற்றி வெளியைச் சீவுங்கள்.

வெட்டும் ரூலின் (கடைசல் உளியின்) மேற்புறம் தட்டையாக இருக்கட்டும். இரும்புக்குத் தீட்டியதுபோல் வெட்டும் விளிம்பிலிருந்து பின்னோக்கிச் சரிவு வைத்தால் வெண்கலத்துக்குள் தானே பாய்ந்துவிடும். 33 மில்லிமீற்றருக்கு நிமிடத்துக்கு 500 சுற்று அளவு போதும். சூட்டோடு அளக்கவேண்டாம்: 40 பாகை சூடேறினால் இந்த விட்டம் 0.02க்கு மேல் பருக்கும். ஆறவிட்டு, ஒரு பிளேன்ரீயும் குடித்துவிட்டு அளவுங்கள். எமரித் தாளால் மினுக்க ஆசை வரும். விடுங்கள், அந்தத் துகள் வெண்கலத்தில் புதைந்து பின்னைத் தின்னும்.

பின் நுழையாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளியில் 0.05 இறுக்கம் வைத்து இறக்கினால் மெல்லிய புஷ்ஷின் உள்ளும் கிட்டத்தட்ட அவ்வளவுக்குச் சுருங்கும். அதனால் 30ஐ முன்கூட்டியே எட்டவேண்டாம். 29.85இல் நிறுத்தி, இறக்கியபின் றீமரால் பின்னுக்கு 0.03 இடைவெளி வரும்வரை கொண்டுபோங்கள். இன்ஜின் கைநூல் வேறு அளவு சொன்னால் அதுதான் முடிவு. இறக்கும்போது சுத்தியல் எடுக்காதீர்கள். நீண்ட போல்ற், இரண்டு தடித்த வாசர், ஒரு நட்; மெல்ல முறுக்கி இழுத்தால் நேராகப் போகும். இழுக்கத் தொடங்குமுன் எண்ணெய்த் துளை ரொட்டின் துளைக்கு நேரே நிற்கிறதா என்று பாருங்கள், பாதி வழியில் புஷ்ஷைத் திருப்ப முடியாது.