ஊறப்போடும் தண்ணீர் வேறு, தெளிக்கும் தண்ணீர் வேறு

சாணம், இலை, வெல்லம் என்று ஊறப்போட்டுச் செடிக்குக் கொடுக்கும் கரைசல் நுரைக்கவில்லை, நாறுகிறது, கறுத்துப்போனது, இலை கருகியது என்று இந்த முறை நிறையக் கேள்விகள். எல்லாரும் நாட்டுச் சர்க்கரையின் தரத்தையும் சாணத்தின் ஜாதகத்தையும் விசாரிக்கிறார்கள். வாளியில் முக்கால்வாசி இருக்கிற தண்ணீரை யாரும் விசாரிப்பதில்லை.

கும்பகோணத்தில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். நகராட்சிக் குழாய்த் தண்ணீர்தான் இருக்கிறது. அதிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும், கரைசலே எடுபடாது என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. குடிநீரில் குழாய் முனைக்கு வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. இந்த அளவெல்லாம் சாணத்தின் முன்னால் நிற்காது. ஜீவாமிர்தம் என்பது சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு சேர்த்து ஊறவைக்கும் கரைசல்; அதில் 200 லிட்டருக்கு 10 கிலோ சாணம் கரைக்கிறோம். அதிலுள்ள மட்கும் பொருளோடு சேர்ந்தே குளோரின் தீர்ந்துவிடும். அங்கே கரைசல் எடுபடவில்லை என்றால் குளோரினைத் திட்டாதீர்கள், வேறு காரணம் தேடுங்கள்.

சாணமே சேர்க்காமல், இலையையும் வெல்லத்தையும் மட்டும் தண்ணீரில் ஊறப்போடும்போது கதை வேறு. இலைமேல் ஒட்டியிருக்கிற கொஞ்சநஞ்ச நுண்ணுயிரை நம்பித்தான் அந்தக் கரைசல் நிற்கிறது. அதற்காக இலையை அலசாமல் போடச் சொல்லிவிட்டு, பிளீச்சிங் வாடை அடிக்கும் தண்ணீரை மேலே ஊற்றினால் என்ன அர்த்தம்? முதல் நாள் சாயங்காலமே அகன்ற வாய் உள்ள டப்பில் தண்ணீர் பிடித்து, மூடாமல் வையுங்கள். இரண்டு மூன்று தடவை கலக்கிவிட்டு மறுநாள் சாயங்காலம் பயன்படுத்துங்கள். குடத்தில் வைத்தால் வாய் குறுகல், குளோரின் வெளியேற நேரமாகும். மேல்நிலைத் தொட்டி கழுவின கையோடு வரும் தண்ணீரில் வாடை தூக்கலாக இருக்கும். அன்றைக்குப் பிடித்ததை இரண்டு நாள் விடுங்கள். அவசரம் என்றால் 20 நிமிடம் கொதிக்கவைத்து நன்றாக ஆறவிட்டாலும் போதும்.

சந்தேகம் தீராதவர்கள் இரண்டு பாட்டில்களில் ஒரே அளவு இலையும் வெல்லமும் போட்டு, ஒன்றில் நேரடிக் குழாய்த் தண்ணீர், மற்றதில் ஆறவைத்த தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மூடியை இறுக்காதீர்கள், வெடிக்கும். எதில் முதலில் கொப்புளம் கட்டுகிறது என்று பார்த்தாலே உங்கள் ஊர்த் தண்ணீரின் குணம் தெரிந்துவிடும்.

வேதாரண்யம் பக்கம். எங்கள் போர் தண்ணீரில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 2400 காட்டுகிறது. குளோரினைப் போல இதையும் ஒரு நாள் வெயிலில் வைத்தால் சரியாகுமா?

ஆகாது. மோசமாகும். குளோரின் காற்றில் போகிற சரக்கு, உப்பு போகாது. வெயிலில் வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே நின்று இன்னும் கரிக்கும். கொதிக்கவைத்தாலும் அதே கதைதான். குடிநீருக்கே 500 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். உங்களுடையது அதையும் தாண்டிவிட்டது.

இதில் நானே பட்டிருக்கிறேன். பஞ்சகவ்யத்தை (சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்து ஊறவைத்த கரைசல்) 10 லிட்டருக்கு 300 மில்லி என்ற சரியான அளவில்தான் கலந்தேன். கலந்தது உப்புப் போர் தண்ணீரில். கத்திரிச் செடிக்கு உச்சி வெயிலுக்கு முன்னால் அடித்தேன். மூன்றாம் நாள் இலை ஓரமெல்லாம் பழுப்பேறி, அப்பளம் மாதிரி நொறுங்கியது. பஞ்சகவ்யம் 'சூடு' என்று சொல்லி ஒரு மாதம் அதைத் தொடவே இல்லை. பிறகு ஒருநாள் வெறும் போர் தண்ணீரை மட்டும் இரண்டு செடிக்கு அடித்துப் பார்த்தேன். அதே கருகல்! இலைமேல் விழுந்த துளி காய்ந்ததும் உப்பு மட்டும் அங்கேயே தங்கிவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம்.

அதனால் மழைநீர் சேமியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கூரையை முதல் மழை கழுவிவிட்டுப் போகட்டும். அடுத்த மழையிலிருந்து பிடித்து, வெளிச்சம் புகாத தொட்டியில் மூடி வையுங்கள். தெளிப்பதற்கு 2 லிட்டர் போர் தண்ணீருக்கு 8 லிட்டர் மழைநீர் கலந்தால் 500-க்குள் வந்துவிடும். 500-ஐத் தாண்டினால் நான் இலையில் அடிப்பதில்லை. வேருக்கு ஊற்றுவதென்றால் கொஞ்சம் தாராளம் காட்டலாம், ஆனால் தொட்டிச் செடிக்கு வேண்டாம். தொட்டியில் உப்பு சேர்ந்துகொண்டே போகும். இன்னொன்று: மீட்டரைத் தயாரான கரைசலுக்குள் விட்டுப் பார்த்துப் பயப்படாதீர்கள். சத்தும் அதில் உப்பாகத்தான் கணக்காகும். தண்ணீரை மட்டும் அளந்தால் போதும்.

உங்கள் பக்கத்து மணல் மேட்டில் ஆழமில்லாத ஊற்று இருந்தால் அதைச் சோதித்துப் பாருங்கள். நல்ல தண்ணீர் எடை குறைவு; கடலோர மணலில் அது உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். நல்ல தண்ணீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், அடியிலிருக்கும் உப்பு கிட்டத்தட்ட 40 அடி மேலே ஏறும் என்பது பழைய கணக்கு. இன்னும் ஆழமாகப் போர் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்று யாராவது சொன்னால், அங்கே மட்டும் நம்பிவிடாதீர்கள்.

மன்னார்குடி. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் அதில் கரைசல் போடலாமா? ஆற்றுத் தண்ணீர்தானே சிறந்தது?

ஆற்றுத் தண்ணீர் நல்லதுதான், குளோரினும் இல்லை, உப்பும் குறைவு. ஆனால் ஜூன் 12-ல் திறந்தாலும் எப்போது திறந்தாலும், முதலில் வருவது காய்ந்த வாய்க்காலைக் கழுவிக்கொண்டு வரும் தண்ணீர். பிளாஸ்டிக் பையிலிருந்து கடைத்தெருச் சாக்கடை வரைக்கும் அதில் இருக்கும். கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து, ஓடுகிற இடத்தில் முகந்து, துணியில் வடிகட்டி, ஓர் இரவு தெளியவிட்டு எடுங்கள். வடிவாய்க்கால் தண்ணீர் மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம். அது பத்து வயல் களைக்கொல்லியைச் சுமந்துகொண்டு வருவது.

ஆடாதொடை, நொச்சி எல்லாம் ஊறப்போட்டேன். இரண்டே நாளில் மை மாதிரி கறுத்துவிட்டது. கெட்டுவிட்டதா?

உங்கள் போர் தண்ணீர் பிடித்த வாளியில் செங்காவிக் கறை படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் தண்ணீரில் இரும்பு. இலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சியது இதே வித்தைதான். கரைசல் கெடவில்லை, தாராளமாக வேருக்கு ஊற்றலாம். அடுத்த முறை தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றிக் காற்றுப் படவிட்டு, இரவு முழுக்க வைத்தால் காவி அடியில் தங்கும். மேல் தெளிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால்தான் கெட்டது.

மீன் அமிலம் புழு வைத்துவிட்டது. எந்தத் தண்ணீர் சேர்த்திருக்க வேண்டும்?

எந்தத் தண்ணீரும் இல்லை! மீன் கழிவும் அதே எடை வெல்லமும், அவ்வளவுதான். வெல்லமே மீனிலிருக்கிற நீரை இழுத்துக்கொள்ளும். அந்தக் கெட்டியான பாகில் அழுக வைக்கும் கிருமி பிழைக்காது. நீங்கள் ஊற்றிய ஒரு லிட்டர்தான் அதைப் பிழைக்க வைத்தது. மீனை அலசினால்கூட நன்றாக வடியவிட்டுப் போடுங்கள். வாயைத் துணியால் கட்டுங்கள், ஈ உட்காராது. தெளிக்கும்போதுதான் தண்ணீர்: லிட்டருக்கு 5 மில்லி.

ஏ.சி. தண்ணீர், ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர், கழுநீர் — இவற்றில் எது ஆகும்?

ஏ.சி. தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை, தெளிக்கக் கலக்க நன்றாக இருக்கும். ஆர்.ஓ. கழிவில் நீங்கள் குடிக்காமல் விட்ட உப்பெல்லாம் சேர்ந்திருக்கிறது, அதில் வாசல் கழுவுங்கள். அரிசி கழுவின முதல் தண்ணீர் ஊறப்போட அருமை, அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். உப்புப் போட்டு வடித்த கஞ்சி மட்டும் செடிக்கு வேண்டாம், மாட்டுக்கு வையுங்கள்.