திவசத்துக்கு எதற்குப் போட்டோகிராபர்?

கேள்வி: மாமனார் இறந்து அடுத்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. முதல் திவசத்தன்று எங்கள் ஊர் அரசு குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் 60 பெண் பிள்ளைகளுக்கும் வடை, பாயசத்தோடு சாப்பாடு போட்டு, 20,000 ரூபாயும் கொடுக்கலாம் என்று போனேன். கண்காணிப்பாளர் அம்மா, "சமைத்த சாப்பாடு வேண்டாம், பணத்தை என் கையில் தராதீர்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள், பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது" என்று அடுக்கிவிட்டார். கேட்டரிங் சொல்லியாயிற்று, போட்டோகிராபருக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. நல்லது செய்ய வருகிறவர்களை இப்படி விரட்டலாமா?
- பெயர், ஊர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: கேட்டரிங்குக்குப் பக்கத்தில் போகிற போக்கில் ஒருவரைச் சொல்லியிருக்கிறீர்களே, அந்தப் போட்டோகிராபர், அவரைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும். திவசத்துக்கு எதற்கம்மா போட்டோகிராபர்? மாமனாருக்குக் காட்டவா, சொந்தக்காரர்களுக்குக் காட்டவா?

அங்கே இருக்கிற பிள்ளைகள் எல்லாருமே அநாதைகள் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. பலருக்கு அம்மாவோ அப்பாவோ உண்டு. வறுமை, வியாதி, குடி, ஜெயில் என்று ஏதோ ஒன்று பிள்ளையை அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கும். சொந்த வீட்டு ஆளிடமிருந்தே காப்பாற்றி அழைத்து வந்த பெண்ணும் இருப்பாள். உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் நாலு கை மாறி அந்த ஆளிடமே போய்ச் சேர்ந்தால்? கூடப் படிக்கிறவள் பார்த்துவிட்டு மறுநாள் வகுப்பில் கேட்டால்? உங்கள் மகள் பந்தியில் வாயில் சோற்றோடு இருக்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் வந்து "இங்கே பாரு, சிரி" என்றால் சும்மா விடுவீர்களா?

2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு இதற்காகத்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளையின் பெயர், பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் விழலாம். அந்த அம்மா உங்களையும் சேர்த்துத்தான் காப்பாற்றியிருக்கிறார்.

சாப்பாட்டுக்கு வருவோம். காலையில் எங்கேயோ வடித்த சோற்றை மதியம் சாப்பிட்டு இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தால், விசாரணை கேட்டரிங் ஆளோடு நிற்காது, கண்காணிப்பாளர் மேலும் வரும். 20,000 ரூபாயை அவர் கையில் வாங்கிப் பீரோவில் வைத்திருந்தால்தான் நீங்கள் எனக்கு எழுதியிருக்க வேண்டும். அரசு ஊழியர் முன் அனுமதி இல்லாமல் நன்கொடை திரட்ட நடத்தை விதிகளில் இடமில்லை. ஒரு மூட்டை அரிசி வந்தாலும் அது இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். நீங்களும் ரசீது இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள். (வரிச்சலுகை ஆசை இருந்தால், பொருளாகக் கொடுப்பதற்கு அது கிடையாது, ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினாலும் கிடையாது.)

சரி, என்ன செய்யலாம்? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரைப் போய்ப் பார்த்து, இல்லத்துக்கு என்ன தேவை என்று முதலில் கேளுங்கள். பிறந்தநாள், நினைவுநாள் என்றால் இனிப்பு வந்து குவியும். ஜூன் மாதத்தில் ஷூ வாங்கித் தரவும், மாதாமாதம் நாப்கின் வாங்கித் தரவும், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு டியூஷன் வைக்கவும் ஆள் தேட வேண்டியிருக்கும்.

அப்படியே இன்னொன்றும் கேளுங்கள். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில், அப்பாவை இழந்த பிள்ளை இல்லத்துக்கு வராமல் அம்மாவிடமே வளர மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. அரசுப் பணத்தில் மட்டும் என்றில்லை, தனியார் பொறுப்பேற்கவும் அதில் வழி வைத்திருக்கிறார்கள். உங்கள் 20,000 ரூபாய் ஒரு பிள்ளைக்கு ஐந்து மாதம் வரும். அறுபது பேருக்கு ஒருவேளை வடை போடுவதைவிட, ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரியாமல் வைத்திருப்பது பெரிது என்பது என் கட்சி. ஐந்து மாதத்தோடு விட்டுவிடுவதாக இருந்தால் ஆரம்பிக்கவே வேண்டாம்.

விண்ணப்பத்தில் உங்கள் கணவர் கையெழுத்துப் போடட்டும். அவருடைய அப்பாவின் திவசம் இது. கேட்டரிங்கிலிருந்து கண்காணிப்பாளர் வரை எல்லாரும் வந்துபோகும் உங்கள் கடிதத்தில் அவரை மட்டும் காணோம்.