சம்பளம் அதே, சாமான் விலை வேறு: கொழும்பு வீட்டுச் செலவுக் கேள்வி பதில்

கடைச்சாமான் விலையைச் சமாளிப்பது பற்றிக் கொழும்பின் பல பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. கணக்குக் காட்டுவதற்காகப் போட்ட விலைகள் வெறும் உதாரணம். நீங்கள் வாங்கும் நாளின் விலையைப் போட்டுப் பாருங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

கேள்வி (வெள்ளவத்தை): அக்கா, பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். கடையில் ஒன்றும் குறைந்த மாதிரி இல்லையே?

பணவீக்கம் என்பது விலை ஏறுகிற வேகம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது முந்திய வருடம் 100 ரூபாய்க்கு வந்த சாமான் ஏறக்குறைய 195 ரூபாய். அதற்குப் பிறகு பணவீக்கம் 5 வீதத்துக்கு இறங்கினால் அந்தச் சாமான் 205 ரூபாய் ஆகுமே தவிர, திரும்ப 100க்கு வராது. ஆகவே பழைய விலை வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்போம் என்று திட்டம் போடாதீர்கள். இன்றைய விலைதான் நிரந்தரம் என்று வைத்துச் சமையலையும் வாங்கும் முறையையும் மாற்றுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): நாலு பேர் உள்ள வீடு. 25ஆம் திகதி சம்பளம் வந்ததும் சாமானுக்கென்று காசை ஒதுக்கி, நாலு கிழமைக்கும் சரிசமமாகப் பிரித்து வைக்கிறேன். ஆனாலும் கடைசி இரண்டு மூன்று நாள் கையில் ஒன்றும் இருப்பதில்லை.

பிழை அந்த நாலில்தான் இருக்கிறது. 30 நாள் மாதத்தில் நாலு கிழமையும் இரண்டு நாளும், 31 நாள் மாதத்தில் நாலு கிழமையும் மூன்று நாளும் உண்டு. நாலரையால் பிரியுங்கள். அந்த அரைப் பங்கைத் தனி உறையில் போட்டுக் கடைசி நாட்கள் வரும்வரை தொடாமல் வையுங்கள்.

அதற்கு முதல் இன்னொரு பிரிப்பு உண்டு. காய்ந்த சாமானும் ஈரச் சாமானும் ஒரே கணக்கில் கிடக்கக்கூடாது. அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, எண்ணெய், தூள் வகை, சவர்க்காரம் எல்லாம் மாதத்துக்கு ஒரு தடவை. மீன், முட்டை, மரக்கறி, தேங்காய், பாண் கிழமைக் காசில். அரிசியின் அளவு இப்படி வரும்: வளர்ந்தவருக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அளவு பச்சை நிறை. நாலு பேர் ஒரு நேரம் சோறு சாப்பிட்டால் மாதத்துக்கு 12 கிலோ, இரு நேரம் என்றால் 24 கிலோ. இந்த அளவுக்கு மேல் போகிறதென்றால் சோறு மிஞ்சி வாளிக்குள் போகிறதா என்று முதலில் பாருங்கள். மாதத்துக்கு ஒரு கிலோ அரிசி வீணாகிற வீட்டில் அதை அவிக்கச் செலவான சமையல் காஸும் சேர்ந்தே வீண்.

கேள்வி (கிருலப்பனை): புறக்கோட்டைக்குப் போய் வாங்கினால் உண்மையிலேயே மிச்சமா?

தனியாகப் போய் ஒரு வீட்டுக்கு மட்டும் வாங்கினால் பெரிய மிச்சமில்லை. கணக்கைப் பாருங்கள். நான்காம், ஐந்தாம் குறுக்குத்தெரு மொத்தக் கடைகளில் பருப்பு கிலோவுக்கு 30 ரூபாய், சீனி 15, பெரிய வெங்காயம் 40 குறைவு என்று வைப்போம். 3 கிலோ பருப்பு, 4 கிலோ சீனி, 4 கிலோ வெங்காயத்துக்கு மிச்சம் 310 ரூபாய். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தால் அதில் கொஞ்சம் கையில் நிற்கும். சுமை தூக்க முடியாமல் முச்சக்கரவண்டி பிடித்தால் மிச்சம் முழுவதும் வாடகைக்குப் போய், மேலும் கைக்காசு போகும்.

இலாபம் வருவது பங்குபோட்டு வாங்கும்போது. தொடர்மாடியில் மூன்று நாலு வீடு சேர்ந்து 25 கிலோ அரிசி மூடை, ஒரு மூடை வெங்காயம், 10 கிலோ பருப்பு என்று எடுத்தால் விலையும் இறங்கும், வண்டிக்கூலியும் பங்காகும். வீட்டில் தராசு வைத்து நிறுத்துப் பிரியுங்கள். கண்மட்டத்தில் பிரித்தால் இரண்டாம் மாதமே மனக்கசப்பு வரும்.

வெங்காய மூடையைக் கட்டாயம் அவிழ்த்துப் பாருங்கள். கழுத்துப் பகுதி காய்ந்து சுருங்கியிருக்க வேண்டும். அமத்தினால் மெத்தென்று இருந்தாலோ, அடியில் கறுப்புத்தூள் படிந்திருந்தாலோ கொழும்பின் ஈரக்காற்றில் பத்து நாள் தாங்காது. வீட்டுக்கு வந்ததும் கூடையில் பரப்பி, உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் வைக்காமல் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். ஞாயிறும் போயாவும் பல மொத்தக் கடைகள் பூட்டு. மரக்கறிக்கு இந்த வழி சரிவராது: மரக்கறி மொத்தமாக விற்கும் மெனிங் சந்தை இப்போது பேலியகொடையில். அவ்வளவு தூரம் மரக்கறிக்காக மட்டும் போவது ஒரு குடும்பத்துக்குக் கட்டாது.

கேள்வி (பம்பலப்பிட்டி): தேங்காய் விலைதான் எங்களைக் கொல்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று போகிறது. எப்படிக் குறைப்பது?

தேங்காயைக் குறைக்கலாம், ருசியைக் குறைக்கத் தேவையில்லை. வாங்கும் இடத்திலிருந்து தொடங்குவோம். காய்க்கு இத்தனை என்று விற்கும் கடையில் ஒரே அளவான இரண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள், கனமானதை எடுங்கள். குலுக்கினால் தண்ணீர் ஆட வேண்டும். கண்ணில் ஈரமோ பூஞ்சணமோ இருந்தால் விடுங்கள்.

பால் பிழிவதில்தான் பெரிய நட்டம். தேங்காய்க் கொழுப்பு 24, 25 பாகை அளவில் உறைந்துவிடும். பிரிட்ஜில் இருந்த துருவலைப் பச்சைத்தண்ணீரில் பிழிந்தால் கொழுப்பு சக்கையோடேயே நின்றுவிடும். பால் தண்ணீராக வரும், நீங்கள் இன்னொரு பாதித் தேங்காயை எடுப்பீர்கள். துருவலை வெளியே வைத்துக் குளிர் போன பிறகு, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீர் அரைக் கோப்பை விட்டுப் பிசைந்து பிழியுங்கள். அது முதற்பால். பிறகு ஒரு கோப்பை விட்டு இரண்டாம் பால், இன்னொரு கோப்பை விட்டு மூன்றாம் பால். பிளெண்டரில் அரை நிமிடம் அடித்துப் பிழிந்தால் கையால் பிழிவதைவிடக் கூட வரும். கறியை மூன்றாம், இரண்டாம் பாலில் அவித்து, இறக்கும்போது மட்டும் முதற்பாலை விட்டு ஒரு கொதி வருமுன் நிற்பாட்டுங்கள். முதற்பாலைக் கொதிக்க விட்டால் திரைந்துபோகும்.

சக்கையை எறியாதீர்கள். ரொட்டி மாவுக்கும் வறைக்கும் புதுத்துருவல் பாதி, சக்கை பாதி போடலாம். சம்பலுக்குச் சரிவராது, சப்பென்று இருக்கும். பாதித் தேங்காய் மிஞ்சினால் கண் உள்ள பாதியை முதலில் பாவியுங்கள், அதுதான் முதலில் பழுதாகும். ஒரே நாளில் மூன்று நாலு காய் துருவி, ஒரு சமையலுக்குத் தேவையான அளவில் சிறிய பைகளில் தட்டையாகப் பரப்பி பிறீசரில் வைத்தால் "உடைத்தாயிற்று, முடித்துவிடுவோம்" என்று அளவுக்கு மேல் போடுவது நிற்கும்.

கிழமையில் மூன்று நாள் பால் தேவையில்லாத சாப்பாடாக அமையுங்கள்: புளிக்கறி, ரசம், தாளித்த பருப்பு, கீரை வறை. தினம் ஒரு காய் எடுக்கும் வீட்டுக்கு இவ்வளவும் செய்தால் கிழமைக்கு மூன்று நாலு காயில் முடியும்.

கேள்வி (மட்டக்குளி): மீனும் கோழியும் வாங்க முடியவில்லை. பிள்ளைகளுக்குப் புரதம் போதாமல் போகுமோ என்று பயமாக இருக்கிறது.

நல்ல கேள்வி, தங்கச்சி. கிலோ விலையைப் பார்க்காமல், புரதத்தின் விலையைப் பாருங்கள். மைசூர்ப் பருப்பில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 24 கிராம் புரதம். முட்டை ஒன்றில் 6 கிராம். எலும்போடு ஒரு கிலோ கோழியில் உண்ணக்கூடியதைக் கணக்கெடுத்தால் ஏறக்குறைய 130 கிராம். காய்ந்த நெத்தலியில் பாதிக்கு மேல் புரதம்தான். இப்போது உதாரண விலைக்கு 10 கிராம் புரதம் என்ன வருகிறது பாருங்கள்: பருப்பு கிலோ 280 என்றால் 12 ரூபாய், நெத்தலி கிலோ 1500 என்றால் 25 முதல் 30 ரூபாய், முட்டை 36 என்றால் 60 ரூபாய், கோழி கிலோ 1200 என்றால் 92 ரூபாய்.

ஆகவே வயிறும் புரதமும் பருப்பு, கடலை, பயறு, கௌபியில் நிற்கட்டும். ஆனால் விட்டமின் பி12 தாவரத்தில் இல்லை, அதற்கு முட்டையும் மீனும் வேண்டும். குறைக்க வேண்டி வந்தால் பெரியவர்களின் பங்கைக் குறையுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் தினம் ஒரு முட்டையைக் கடைசிவரை வெட்டாதீர்கள்.

நெத்தலியின் தலையைக் கிள்ளிச் சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு இரண்டு தரம் அலசுங்கள், உப்பும் மணலும் போகும். பிரஷர் உள்ளவர்கள் இதைத் தவறாமல் செய்யுங்கள். சோயா மீற் பக்கற்றோடு வரும் மசாலாத்தூளில் உப்பு அதிகம்; பாதியைப் போட்டு வீட்டுத்தூள் சேருங்கள். புதுமீனில் சாளை, கீரி, கும்பளா போன்ற சின்ன மீன்களைத் தேடுங்கள். தலையும் குடலும் போக மூன்றில் ஒரு பங்கு கழிந்தாலும், துண்டு மீனின் விலையோடு பார்த்தால் இலாபம். டின்மீனுக்கு மொத்த நிறையைப் பார்க்காதீர்கள். டின்னில் போட்டிருக்கும் வடித்த நிறையால் விலையைப் பிரித்து, அதே கணக்கில் புதுமீனோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி (தெமட்டகொடை): கீரி சம்பாவை விட்டு நாட்டரிசிக்கு மாறினால் எவ்வளவு மிஞ்சும்?

2024 டிசம்பரில் அரசாங்கம் நிர்ணயித்த உச்ச சில்லறை விலையில் உள்ளூர் நாட்டரிசி 230, சம்பா 240, கீரி சம்பா 260 ரூபாய். கிலோவுக்கு 30 ரூபாய் வித்தியாசம். 24 கிலோவுக்கு மாதம் 720 ரூபாய். நாட்டரிசி மணிக்குத் தண்ணீரும் நேரமும் கொஞ்சம் கூட வேண்டும், அரை மணி ஊறவிட்டால் அது சரியாகும். பெரும்போக அறுவடை வரும் பெப்ரவரி, மார்ச்சில் விலை இறங்கினால் இரண்டு மாதத்துக்கு எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் வண்டு வரும்.

கேள்வி (வெள்ளவத்தை): பால்மாவா, திரவப் பாலா?

400 கிராம் முழு ஆடைப் பால்மாவில் ஏறக்குறைய மூன்று லீற்றர் பால் கரைக்கலாம். பக்கற் விலையை மூன்றால் பிரித்து, ஒரு லீற்றர் பாலின் விலையோடு பாருங்கள், அவ்வளவுதான். பெரியவர்களின் தேநீரை பிளேன்டீயாக மாற்றி, பாலைப் பிள்ளைகளுக்கு விடுவதில் வரும் மிச்சம் இந்த ஒப்பீட்டில் வருவதைவிடப் பெரிது.

கேள்வி (கொட்டாஞ்சேனை): கறித்தூளை மில்லில் அரைப்பித்தால் மிச்சமா?

மிச்சம், அதைவிட முக்கியமாகக் கலப்படம் இல்லை. செத்தல் மிளகாய் 500 கிராம், மல்லி 500, பெருஞ்சீரகம் 125, நற்சீரகம் 50, மிளகு 50, வெந்தயம் 25, மஞ்சள் 25, இரண்டு பிடி கறிவேப்பிலை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுங்கள்; மிளகாய் கறுக்குமுன் இறக்குங்கள். முழுக்க ஆறிய பிறகே மில்லுக்குக் கொடுங்கள். அரைத்து வந்த தூள் சூடாக இருக்கும். அதைத் தாளில் பரப்பி ஆறவிடாமல் போத்தலில் அடைத்தால் உள்ளே ஈரம் வியர்த்துக் கட்டி பிடிக்கும், பூஞ்சணமும் வரும். பூஞ்சணம் பிடித்த தூளைப் பாவிக்கவே கூடாது.

கேள்வி (மட்டக்குளி): காஸ் 12.5 கிலோ சிலிண்டர் ஒரு மாதம்தான் போகிறது.

சுவாலை மஞ்சளாக எரிகிறதா? பர்னர் துளை அடைத்திருக்கும். கழற்றிக் கழுவி ஊசியால் குத்துங்கள். கடலை, கௌபி எட்டு மணித்தியாலம் ஊறவேண்டும், குக்கரில் ஆவி வந்ததும் அடுப்பைக் குறையுங்கள். பருப்புக்குப் புளியும் தக்காளியும் பருப்பு அவிந்த பிறகு போடுங்கள்; முதலே போட்டால் புளிப்பு மணியை இறுக்கி இன்னும் கால் மணி எரிய வைக்கும். சோற்றை ரைஸ் குக்கருக்கு மாற்றுவதானால் மின்பில்லைப் பாருங்கள்: மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய விகிதம் விழும். 55 அலகில் நிற்கும் வீட்டுக்கு ரைஸ் குக்கர் மிச்சமில்லை.

கேள்வி (பம்பலப்பிட்டி, போர்டிங் மாணவன்): என்னிடம் ரைஸ் குக்கர் மட்டும்தான் இருக்கிறது.

அதுவே போதும், தம்பி. ஒரு கப் அரிசி, கால் கப் மைசூர்ப் பருப்பு, அரிந்த கரட், போஞ்சி, மஞ்சள், உப்பு, மூன்று கப் தண்ணீர். மேல்தட்டில் கழுவிய முட்டை இரண்டு. எல்லாம் ஒன்றாக வெந்துவிடும். இரவுக்கு மிச்சம் வைப்பதென்றால் மூடியோடு வெளியே விடாதீர்கள், இந்த வெக்கையில் மாலைக்குள் புளிக்கும்.

கேள்வி (தெமட்டகொடை): உச்ச விலைக்கு மேல் விற்கிறார்கள், பாணும் சின்னதாக இருக்கிறது. யாரிடம் சொல்வது?

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். பில் கேட்டு வாங்கி வையுங்கள், முறைப்பாட்டுக்கு அதுதான் பலம். ஒரு றாத்தல் பாண் 450 கிராமும் அரை றாத்தல் 225 கிராமும் இருக்க வேண்டும், சொற்ப குறைவுக்கு மட்டும் விலக்கு உண்டு. சந்தேகமென்றால் வெட்டுமுன் வீட்டுத் தராசில் வைத்து, நிறையும் பில்லும் ஒன்றாகத் தெரிய ஒரு படம் எடுங்கள். கடையின் பெயர், திகதி, வாங்கிய நேரம் மூன்றையும் சேர்த்துச் சொன்னால் அதிகாரிகளுக்கு அந்தக் கடையைப் போய்ப் பார்ப்பது சுலபம்.